ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை

அத்தியாயம் 9

கணவன் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவன் சொத்தில் மனைவிக்கு நூற்றுக்கு 15 பங்கு. மனைவிகள் மூன்று பேர் என்றால் அந்தப் 15-ஐத்தான் மூவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு 75, அவனை நம்பியிருந்த உறவுக்காரர்களுக்கு 9, குல வழக்கப்படி வாரிசாக நிற்பவருக்கு 1. குடியிருந்த வீட்டில் விதவை இருந்துகொள்ளலாம். மறுமணம் செய்தால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மனைவி செத்தால் கணவனுக்கு இப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

உகாண்டாவின் வாரிசுரிமைச் சட்டம் இப்படித்தான் இருந்தது. 2007 ஏப்ரலில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் இந்தப் பிரிவுகள் செல்லாது என்றது. மணமான பெண் யாரோடு உறவு கொண்டாலும் குற்றம், மணமான ஆண் இன்னொருவன் மனைவியோடு உறவு கொண்டால் மட்டுமே குற்றம் என்றிருந்த தண்டனைச் சட்டப் பிரிவும் அன்றே விழுந்தது. (பிறன்மனை உறவு பற்றிய நம் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2018-இல். உகாண்டா நமக்கு 11 ஆண்டு மூத்தது!)

வழக்குத் தொடுத்தது பெண்ணுரிமைக்காக வாதாடும் ஒரு சிறிய உகாண்டா அமைப்பு. அதைத் தொடங்கியவர்கள் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ‘லாவா’ ஃபெல்லோஷிப்பில் படித்துவிட்டு ஊர் திரும்பிய வழக்கறிஞர்கள்.

லாவா தொடங்கியது 1993-இல். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பெண்ணுரிமைக்காக வாதாடும் வழக்கறிஞர்களை அழைத்து எல்.எல்.எம். படிக்க வைப்பார்கள். எல்.எல்.எம். என்றால் நம் ஊரில் லெட்டர்பேடில் பெயருக்குப் பின்னால் இன்னும் மூன்று எழுத்து என்றுதான் பலருக்கு நினைப்பு. இங்கே பட்டம் பாதி வேலைதான். பட்டம் வாங்கிய கையோடு பொதுநல அமைப்புகளில் வேலைக்கு அனுப்புகிறார்கள். ஒரு சட்டத்தை மாற்ற எங்கே தட்டுவது, நீதிமன்றத்திலா, நாடாளுமன்றத்திலா, யாரை வைத்து வழக்குப் போடுவது என்பதெல்லாம் அந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியவை. வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியாது. அது முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே அந்த நிபந்தனைதான். வெளிநாட்டுப் படிப்பு என்றாலே திறமைசாலிகளை அங்கேயே இருத்திக்கொள்ளும் ஏற்பாடு என்று நாம் சலித்துக்கொள்கிறோம். இவர்கள் திரும்பியதோடு நிற்கவில்லை, படித்த இடத்தையும் வேலை வாங்கினார்கள். ஜார்ஜ்டவுனில் பேராசிரியர் சூசன் டெல்லர் ராஸ் தொடங்கிய பெண்கள் மனித உரிமை கிளினிக், உகாண்டா வழக்குக்குத் தோள் கொடுத்தது. கிளினிக் என்றதும் மருந்து வாசனை அடிக்க வேண்டாம். சட்ட மாணவர்கள் நிஜ வழக்குகளில் வேலை செய்து பழகும் இடம் அது. அதே உகாண்டா அமைப்பு போட்ட இன்னொரு மனுவில், பெண்ணுறுப்பைச் சிதைக்கும் வழக்கம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2010-இல் தீர்ப்பு வந்தது.

இவ்வளவும் படித்துவிட்டுப் பரவசப்பட வேண்டாம். 2007-இல் பிரிவுகள் செத்தன. அவற்றின் இடத்தில் புதியது வரவில்லை. உயிலில்லாமல் இறந்தவன் சொத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று சொல்ல ஏட்டில் சட்டமே இல்லாமல் ஆண்டுகள் ஓடின. ஃபெல்லோஷிப்பால் வழக்கறிஞரைத் தயார்செய்ய முடியும், நாடாளுமன்றத்தை அவசரப்படுத்த முடியாது. திருத்தச் சட்டம் வந்தது 2022-இல், தீர்ப்புக்குப் பதினைந்து வருடம் கழித்து. இப்போது கணவனோ மனைவியோ, உயிரோடிருக்கும் துணைக்கு 20 பங்கு. பதினைந்து இருபதாக ஆவதற்கு ஒரு தலைமுறைப் பெண்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

எல்லோராலும் இப்படி ஊர் திரும்ப முடிவதில்லை. மிரட்டலுக்கு ஆளான உரிமைப் போராளிகள் சில மாதங்கள் தங்கி மூச்சு வாங்கவும் படிக்கவும் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2008 முதல் இடம் கொடுத்துவருகிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)