பள்ளிக்கு மூன்று வருஷம் லீவு!

என் மகன் நான்காம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தான். அது 2022-ம் வருஷம். காலை ஏழரை மணியானால் வாந்தி எடுப்பான். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லி விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாந்தி வராது! அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுதுவதில் அவன் கொஞ்சம் மெதுவு. போர்டில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் அழித்து விடுவார்களாம். முடிக்காததைச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுத வேண்டுமாம். டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்ததன் ரகசியம் அதுதான். இரண்டு முறை போய்ப் பேசினேன். "நாப்பது பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒருத்தனுக்காக நிக்க முடியுமா மேடம்?" என்றார்கள். அதுவும் நியாயம்தானே!

பள்ளியை நிறுத்தி விட்டேன். என் கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியாரோ, "ஸ்கூலுக்குப் போகாதவனுக்கு நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று ஆரம்பித்து விட்டார். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு!

நானும் முதல் மாதம் தப்புத்தான் செய்தேன். சுவரில் டைம்டேபிள் ஒட்டி, கையில் ஸ்கேலோடு உட்கார்ந்தேன். பிள்ளை மறுபடி வாந்தி எடுத்தான். அன்றைக்கே டைம்டேபிளைக் கிழித்துப் போட்டேன்.

பின்னக் கணக்கு மட்டும் அவனுக்கு ஏறவே இல்லை. எங்கள் சண்டையைப் பார்த்துக் கொண்டிருந்த மாமியார், பரணிலிருந்து பழைய பித்தளை அளவுகளை இறக்கச் சொன்னார். "இந்தா, ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி. அளந்து பாருடா" என்றார். அரிசியைக் கொட்டிக் கொட்டி அளந்தான். உரி அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்று அவனே கண்டுபிடித்துக் கத்தினான். ஐந்தாவது வரை படித்த மாமியார் அன்று முதல் கணக்கு டீச்சர்!

தினம் இரண்டு மணி நேரம்தான் பாடம். அவன் முடிக்கும் வரை நான் எதையும் அழிக்கவில்லை. இரண்டாவது வருஷம் நூலகப் புத்தகங்களைத் தானாக எடுத்துப் படித்தான். எனக்குத்தான் ஒரு கல்யாணம், காதுகுத்து என்று நிம்மதியாகப் போய்வர முடியவில்லை. வீட்டில் தைத்துக் கொண்டிருந்த வேலையும் நின்று போனது. ஆசைப்படும் தாய்மார்கள் இதையும் யோசித்துக் கொள்ளுங்கள்.

14 வயது ஆனதும் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுத வைப்பதாக இருந்தேன். ஐந்து வருஷத்துக்குள் பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். ஆனால், ஒருநாள் மாலை தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களிடம், பழைய பள்ளியிலேயே படிப்பதாக அவன் சொன்னது என் காதில் விழுந்தது. டீச்சர் பெயர், பரீட்சை மார்க் எல்லாம் கற்பனையாகச் சொல்லிக் கொண்டிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பாடம் நான் சொல்லித் தருவேன். பக்கத்தில் உட்கார ஒரு சிநேகிதனுக்கு எங்கே போவேன்?

"போறியாடா?" என்று கேட்டேன். "சாப்பாட்டு நேரத்துல சாப்பிட விடுவாங்களாம்மா?" என்றான்.

2009-ம் வருஷக் கட்டாயக் கல்விச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பள்ளியில் இல்லாவிட்டால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். 2025 ஜூனில் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்தோம். தலைமையாசிரியை அவன் நோட்டுகளைப் புரட்டி விட்டு, "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்றார். எழுத்து இப்போதும் மெதுவுதான். ஆனால், மதியம் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

பின்னக் கணக்கு நடத்த அந்த உரியும் உழக்கும் வேண்டும் என்று அவன் டீச்சர் கேட்டனுப்பினார். புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொடுத்தனுப்பினார் மாமியார். "பத்திரமாத் திருப்பிக் கொண்டாடா" என்று வாசல் வரை போய்ச் சொன்னார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.