நெட் எங்கே நின்றது?

அது ஓர் ஊராட்சி அலுவலகம். காலை மணி பதினொன்று. ஓர் அம்மா வந்தார். மகளின் படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம் பதிய வேண்டும். நாளை கடைசி நாள். களை எடுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அன்றைய கூலி போயிற்று.

"நெட் இல்லைம்மா. நாளைக்கு வாங்க" என்றார் கம்ப்யூட்டர் பார்ப்பவர்.

இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் நம் நாட்டில் ஏராளம். நெட் என்ன மழையா, வானத்தைப் பார்த்துக் காத்திருக்க? இங்கே அது கம்பி வழியாக வருகிறது. வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்கிறோம்? மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாக நடக்கிறோம். அடைப்பு எங்கே என்று தேடுகிறோம். இதுவும் அப்படித்தான்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்வோம். ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பாரத்நெட் என்பது இன்று அதன் பெயர். அந்த இழை தலைமுடி போல மெல்லியது. அதற்குள் மின்சாரம் போவதில்லை. ஒளி போகிறது! இழை ஒரு சிறு பெட்டியில் வந்து சேரும். அடுத்து ரூட்டர் என்ற பெட்டி. சில இடங்களில் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும். ரூட்டரிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். கேபிளுக்குள் எட்டுச் செம்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி இருக்கும்.

இப்போது கம்ப்யூட்டர் பக்கமிருந்து நடப்போம்.

கம்ப்யூட்டரின் பின்னால் கேபிள் செருகிய இடத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் சிறு விளக்கு இருக்கும். நிறம் எதுவானாலும் சரி. எரிகிறதா என்பதே கேள்வி. எரியவில்லை என்றால், கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். முனையில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்குதான் அந்தச் சத்தம் தருகிறது. கேபிளைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். அது ஒடிந்தால் கேபிள் தானாக நழுவும். ரூட்டர் பக்கமும் இதே போலப் பாருங்கள்.

அந்த அலுவலகத்தில் நடந்தது இதுதான். முதல் நாள் பெருக்குவதற்காக மேசையை நகர்த்தினார்கள். நாக்கு ஒடிந்து கேபிள் நழுவிவிட்டது. வேறு கேபிள் போட்டதும் விளக்கு எரிந்தது. அந்த அம்மாவின் வேலை அன்றே முடிந்தது.

கேபிள் எலி கடித்தும் கெடும். கதவிடுக்கில் நசுங்கியும் கெடும். நல்ல கேபிள் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ரூட்டரில் வேறு துளையிலும் செருகிப் பார்க்கலாம். நூறு மீட்டருக்கு மேல் இந்தக் கேபிளை இழுக்கக் கூடாது.

விளக்கு எரிகிறது, ஆனாலும் நெட் வரவில்லையா? ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரூட்டர் ஓர் எண் தருகிறது. நம் வீட்டுக் கதவு எண் மாதிரி. நெட்வொர்க் அமைப்பில் அதைப் பார்க்கலாம். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் எண் தரவில்லை என்று பொருள். கம்ப்யூட்டர் தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. அப்போது பெட்டிகளை அணையுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். முதலில் இழை வரும் பெட்டி, பிறகு ரூட்டர், கடைசியில் கம்ப்யூட்டர் என்று போடுங்கள். அவசரம் வேண்டாம். பெட்டி முழுவதும் விழிக்கச் சில நிமிடம் ஆகும்.

இழை வரும் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஆங்கிலத்தில் எழுதிய விளக்கு ஒன்று உண்டு. அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை. இழை எங்கோ அறுந்திருக்கலாம், வளைந்திருக்கலாம். இதை நாம் சரிசெய்ய முடியாது. இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

அப்போது இணைப்புத் தந்தவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். "நெட் இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. "எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறது" என்று சொல்லுங்கள். இழை வேலை தெரிந்த ஆளை அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவிடலாம். வருகிறவர்கள் படித்துக்கொள்வார்கள்.