வாழ்க்கை: பாலுறவால் தொற்றும் ஓர் உயிர்க்கொல்லி நோய் (திரைப்படம்)

வாழ்க்கை: பாலுறவால் தொற்றும் ஓர் உயிர்க்கொல்லி நோய் என்பது 2000ஆம் ஆண்டில் வெளிவந்த போலந்து மொழித் திரைப்படமாகும். இதனை எழுதி இயக்கியவர் கிறிஸ்டோஃப் சனூசி. புற்றுநோய்க்கு ஆளான மருத்துவர் ஒருவர் தன் மரணத்தை எதிர்கொள்ளும் விதத்தை இப்படம் சித்தரிக்கின்றது. தலைப்பு நகைச்சுவையாகத் தோன்றினாலும், பிறப்பிலேயே இறப்பும் உறுதியாகிவிடுகின்றது என்பதே அதன் பொருளாகும்.

வகை
நாடகப்படம்

கதை
கதைச்சுருக்கம் படத்தின் முடிவையும் உள்ளடக்கியது.

இடைக்காலப் பிரான்சில் குதிரைத் திருடன் ஒருவன் தூக்கிலிடப்படவிருக்கின்றான். அங்கு வரும் துறவி புனித பெர்னார்ட் அவன் பொருட்டுத் தலையிடுகின்றார். சிறிது நேரத்தில் இது ஒரு திரைப்படப் படப்பிடிப்பு என்பது தெரியவருகின்றது. அப்படப்பிடிப்புக் குழுவின் மருத்துவரே தோமாஷ் பெர்க். நடுவயதைக் கடந்தவர், தனியே வாழ்பவர், புகைப்பழக்கம் உடையவர், எதையும் எளிதில் நம்பாதவர்.

தனக்கு நுரையீரல் புற்றுநோய் உள்ளதென அவர் அறிகின்றார். பிற நோயாளிகளைப் போல அவருக்கு ஆறுதல் மொழிகள் பயன்படுவதில்லை. நோயின் போக்கை அவரே அறிவார். பாரிசில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளத் தேவையான பணத்திற்காக, செல்வந்தர் ஒருவரை மணந்துகொண்ட தன் முன்னாள் மனைவி அன்னாவை நாடுகின்றார். ஆனால் அறுவை செய்யும் கட்டத்தை நோய் கடந்துவிட்டது.

சாவிற்கு ஆயத்தமில்லாத மனிதனை ஆயத்தப்படுத்த இயலுமா என்ற வினா, நாடு திரும்பும் பெர்க்கைத் தொடர்கின்றது. விடை தேடி மார்க் என்னும் துறவியிடம் செல்கின்றார். மருத்துவ மாணவன் பிலிப், அவன் காதலி ஹன்கா ஆகியோருடன் ஏற்படும் நட்பும் அவர் மனத்தை மாற்றுகின்றது. இறந்தபின் அவரது உடல் மருத்துவ மாணவர்களின் உடற்கூற்றியல் கல்விக்குப் பயன்படுகின்றது.

நடிகர்கள்
ஸ்பிக்னியெவ் சபாசியேவிச் - தோமாஷ் பெர்க்
கிறிஸ்டினா யாண்டா - அன்னா
தடேயுஷ் பிராடெட்ஸ்கி - மார்க்
மோனிகா கிஷிவ்கோவ்ஸ்கா - ஹன்கா
பாவெல் ஓகிராஸ்கா - பிலிப்

இசை: வோய்ச்செக் கிலார்
ஒளிப்பதிவு: எட்வர்ட் குவோசின்ஸ்கி

கருப்பொருள்
நுரையீரல் திசுவில் வலியுணரும் நரம்புகள் இன்மையால் இப்புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகின்றது. எனவே மருத்துவரான பெர்க் தன் நோயைப் பிந்தி அறிவது நம்பத்தக்கதாகவே அமைகின்றது. நோயைக் குணப்படுத்த இயலாத நிலையில் மருத்துவத்தின் பணி முடிந்துவிடுகின்றதா என்பதே இப்படம் எழுப்பும் முதன்மையான கேள்வி. பெர்க்கிற்கு உடல்நலம் திரும்புவதில்லை. அச்சம் மட்டும் படிப்படியாகக் குறைகின்றது. அவர் சமய நம்பிக்கையை முழுமையாக ஏற்றுக்கொண்டாரா என்பதை இயக்குநர் பார்வையாளரின் முடிவிற்கே விட்டுவிடுகின்றார்.

1939இல் வார்சாவில் பிறந்த சனூசி, திரைப்படக் கல்விக்கு முன்னர் இயற்பியலும் மெய்யியலும் பயின்றவர். இல்லுமினாட்சியா (1973), ஸ்பிராலா (1978) முதலிய படங்களிலும் அறிவியல், அறம், மரணம் ஆகியவற்றை ஆராய்ந்துள்ளார். ஸ்பிராலாவின் நாயகனும் தீராத நோயுற்றவனே. ஆனால் அவன் மரணத்துடன் சமரசம் கொள்வதில்லை. அவ்வகையில் இவ்விரு படங்களும் ஒரே கேள்விக்கான இருவேறு விடைகள் எனலாம்.

விருதுகள்
2000 மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழா - தங்கப் புனித ஜார்ஜ் விருது
2000 கிதினியா போலந்துத் திரைப்பட விழா - தங்கச் சிங்கம் விருது

73ஆவது ஆஸ்கார் விருதுகளில் சிறந்த வெளிநாட்டு மொழித் திரைப்படப் பிரிவிற்குப் போலந்தின் சார்பில் அனுப்பப்பட்டது. எனினும் இறுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை.

தொடர்ச்சி
பிலிப், ஹன்கா ஆகியோரின் கதையை சனூசி சுப்ளெமென்ட் (2002) என்ற படத்தில் விரிவாகக் கூறினார். பெர்க்காக நடித்த சபாசியேவிச் 2009இல் காலமானார்.