அடுப்பு வேண்டாத இனிப்புகள்

பண்டிகைக் காலம் நெருங்கினால் நம் தோட்டப்புறக் குடும்பங்கள் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்கும் சென்று வருவது வழக்கம். புதுத்துணிக்கு அடுத்தபடியாகப் பணம் செலவாவது பலகாரத்துக்கே. கேக் சுடும் அடுப்பு எல்லா வீடுகளிலும் இருப்பதில்லை. காலையில் பால்மரம் வெட்டி, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு, எண்ணெய்ச் சட்டியின் முன் மணிக்கணக்கில் நிற்பதும் எளிதன்று. இத்தகைய குடும்பங்களுக்கு உலர்ந்த பழங்களால் செய்யும் இனிப்புகள் பெரிதும் கைகொடுக்கும்.

இது நமக்குப் புதிய கலையன்று. பழனி மலையின் பஞ்சாமிர்தம் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சப்படுவதன்று. விருப்பாட்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றைப் பிசைந்து, பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்த்துச் செய்வதே அது. 2019-ஆம் ஆண்டில் அதற்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. பேரீச்சம்பழமோ நம் மலாய் அண்டை வீட்டார் நோன்பு துறக்கும்போது முதலில் உண்ணும் பழம். நோன்பு மாதத்தில் ‘கூர்மா’ என்னும் பெயரில் கடைதோறும் குவிந்திருக்கும்.

உலர்ந்த பழம் ஏன் கெடுவதில்லை? உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர நீர் தேவை. பச்சைத் திராட்சையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர் உண்டு. உலர்ந்தபின் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. எஞ்சிய சிறிதளவு நீரையும் பழத்திலுள்ள இனிப்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. இதனை மனத்தில் கொண்டால் பின்வரும் செய்முறையின் காரணங்கள் தாமே விளங்கும்.

பேரீச்சை எள்ளுருண்டை

தேவையானவை: விதை நீக்கிய பேரீச்சம்பழம் 250 கிராம், வேர்க்கடலை 100 கிராம், எள் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் நான்கு, உலர்ந்த தேங்காய்த்தூள் சிறிதளவு.

கடலையில் பூசணம் பூத்தவை, சுருங்கியவை, நிறம் மாறியவை ஆகியவற்றை முதலில் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூசணத்தின் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முற்றிலும் அழியாது. நல்ல கடலையையும் எள்ளையும் வெறும் வாணலியில் தனித்தனியே வறுத்து ஆறவைக்கவும். அடுப்புக்கு இந்தச் சில நிமிட வேலை மட்டுமே. வறுத்த கடலையாக வாங்கினால் அதிலும் பாதி குறையும். கடலையின் தோலை நீக்கி, ஏலக்காயுடன் ஒன்றிரண்டாக இடிக்கவும். பழத்தைப் பொடியாக நறுக்கி, உரலில் இட்டு நன்கு மசிக்கவும். பழம் இறுகியிருந்தால் சற்று நேரம் ஆவியில் காட்டலாம், தண்ணீர் தெளிக்கக்கூடாது. கடலைத் தூளையும் எள்ளையும் பழத்துடன் சேர்த்துப் பிசைந்து, சிறு எலுமிச்சங்காய் அளவில் உருட்டி, தேங்காய்த்தூளில் புரட்டி எடுக்கவும். ஏறக்குறைய 25 உருண்டைகள் கிடைக்கும். சீனி ஒரு கரண்டியும் வேண்டாம். பழமே இனிப்பு, பழமே பசை.

பச்சைத் தேங்காய்த் துருவலைச் சேர்த்தால் மறுநாளே ஊசிப்போகும். அதில் நீர் மிகுதி. ஈரமில்லாத, மூடி இறுகிய டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். குளிர்பெட்டியில் இன்னும் சில நாள் இருக்கும்.

வீட்டுப் பஞ்சாமிர்தம்

நன்கு பழுத்த இரஸ்தாளி நான்கு, பேரீச்சம்பழம் பத்து, உலர்ந்த திராட்சை ஒரு கைப்பிடி, நெய் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய்த்தூள் சிறிது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தால் போதும். பழனிப் பஞ்சாமிர்தம் பல நாள் தாங்குகிறதே என்று எண்ணி இதனை எடுத்துவைக்க வேண்டாம். அங்கே ஈரம் குறைந்த வாழைப்பழத்துடன் சர்க்கரையும் மிகுதியாகச் சேர்கிறது. நம்முடையதை அன்றே உண்டுவிட வேண்டும். விரும்புவோர் தேனும் சேர்க்கலாம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் நாவில் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, இனிப்புநீர். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இந்நோய் உண்டு. இந்தியரிடையே இது மற்ற இனத்தாரைவிடக் கூடுதல். “பழத்தின் இனிப்புத்தானே, ஒன்றும் செய்யாது” என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இனிப்பே. மேற்சொன்ன உருண்டை ஒன்றில் சுமார் ஒன்றரைத் தேக்கரண்டிச் சீனிக்கு நிகரான இனிப்பு இருக்கிறது. எண்ணெயில் பொரித்துப் பாகில் ஊறவைத்த பலகாரத்தைவிட இது நல்லதே, நார்ச்சத்தும் உண்டு. ஆயினும் நோயுள்ளவர் ஓர் உருண்டையோடு நிறுத்திக்கொள்வதும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் நலம்.

இரண்டாவது, இரத்தசோகை. பேரீச்சம்பழம் இரத்தம் ஊறச் செய்யும் என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் 100 கிராம் பழத்தில் உள்ள இரும்புச்சத்து ஏறக்குறைய 1 மில்லிகிராம் மட்டுமே. ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் தேவைப்படுவது அதைப்போல் பல மடங்கு. எள்ளில் இரும்பு மிகுதி என்பதாலேயே அது நம் உருண்டையில் சேர்கிறது. கீரை, நெத்திலி, ஈரல் ஆகியவையும் வேண்டும். கொய்யா, எலுமிச்சை போன்றவை இரும்பை உடலில் சேர்க்க உதவும். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் அச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம். மருத்துவமனையில் தந்த இரும்பு மாத்திரையை விட்டுவிட்டுப் பேரீச்சம்பழத்தை நம்பியிருப்பது தாய்க்கும் சேய்க்கும் கேடு.

மூன்றாவது, பிள்ளைகள். ஒட்டும் இனிப்பு பல்லிடுக்கில் தங்கிச் சொத்தையை உண்டாக்கும். தின்றவுடன் வாய் கொப்பளிக்கவும், உறங்குமுன் பல் துலக்கவும் பழக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு முழு உருண்டையாகவோ முழுக் கடலையாகவோ கொடுக்காமல், கிள்ளிச் சிறு துண்டுகளாகக் கொடுக்க வேண்டும். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

விடியலில் வேலைக்குப் புறப்படுவோர் இவ்வுருண்டை இரண்டைப் பொட்டலமாக எடுத்துச் செல்லலாம். வெறும் தேநீரோடு பத்து மணி வரை பசி தாங்குவதைவிட அது மேல். மரப்பாலும் பால் உறையவைக்கும் அமிலமும் பட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உண்ண வேண்டும். வரும் பண்டிகைக்கு உருட்டும் வேலையைப் பிள்ளைகளிடமும் ஆடவரிடமும் ஒப்படைத்துப் பாருங்கள். தாய்மார்களுக்கும் அன்று சிறிது ஓய்வு கிடைக்கும்.