அப்போ நீங்க என்ன செஞ்சீங்க பாஸ்?

"டீம்ல ஒரு தகராறு வந்து, அதை நீங்க தீர்த்துவெச்ச சம்பவம் ஒண்ணு சொல்லுங்க!"

கேம்பஸ் இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஜாலி. சீனியர் கொடுத்த நோட்ஸில் அழகான பதில் இருந்தது. புராஜெக்ட், சண்டை, சமாதானம்... மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் சிரித்தபடி, "சண்டை எதுக்கு வந்தது? முதல்ல யார்கிட்ட பேசினீங்க? அவர் என்ன சொன்னார்?" என்றார். நோட்ஸில் அதெல்லாம் இல்லையே! நான் அவுட்.

இதுக்குப் பேர் பிஹேவியரல் இன்டர்வியூ. 'இப்படி நடந்தா என்ன செய்வீங்க?' என்று கேட்டால் எல்லாருமே நல்ல பிள்ளைதான். 'அப்போ என்ன செஞ்சீங்க?' என்றால்தான் சாயம் வெளுக்கும்! நேற்று நடந்துகொண்ட மாதிரிதான் நாளைக்கும் நடந்துகொள்வோம் என்பது இதன் லாஜிக். வேலையில் நிஜமாக நடந்த சம்பவங்களைச் சேகரித்து ஆராயும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-ல் விளக்கி எழுதினார். பழைய சம்பவங்களைக் கேட்கும் இன்டர்வியூ, வழக்கமான அரட்டை இன்டர்வியூவைவிட நன்றாகக் கணிக்கிறது என்று 1982-ல் டாம் ஜான்ஸ் ஒப்பிட்டுக் காட்டினார். இன்று அமேசான் தன் 16 தலைமைப் பண்புகளை வைத்து இப்படித்தான் குடைகிறது.

'வேலையே பார்க்காத நம்மகிட்ட ஏதுங்க சம்பவம்?'

என் ரூம்மேட்டும் அப்படித்தான் புலம்பினான். கடைசியில் அப்பாவோட மளிகைக் கடை கடன் நோட்டைப் பற்றிச் சொன்னான். நாலு பேர் ரொம்ப நாள் பாக்கி. கடையில் வைத்துக் கேட்காமல் வீட்டுக்கே போய், வாரா வாரம் கொஞ்சமா கொடுங்கன்னு பேசியிருக்கிறான். மூணு பேர் கொடுத்துவிட்டார்கள். "ஒருத்தர் கடைக்கு வர்றதையே நிறுத்திட்டார். அவர் பையன் முன்னாடி கேட்டது என் தப்பு சார்." எத்தனை குறுக்குக் கேள்வி வந்தாலும் பயல் திணறவில்லை. நடந்ததைத்தானே சொல்கிறான்! செலக்டட்.

பதில் சொல்ல ஈஸி ஃபார்முலா 'ஸ்டார்'. சூழ்நிலை, உங்க பொறுப்பு, நீங்க செஞ்சது, கிடைச்ச பலன். இந்த வரிசையில் இரண்டு நிமிஷம் போதும். 'நாங்க செஞ்சோம்' வேண்டாம், 'நான் செஞ்சேன்' வேணும். ஹாஸ்டல் மெஸ் கமிட்டி, என்.எஸ்.எஸ். கேம்ப், பார்ட் டைம் வேலை, சொதப்பின சிம்போசியம்... எல்லாமே சரக்குதான். சொதப்பினதில் ஒண்ணையாவது கட்டாயம் வெச்சுக்குங்க.

நான் நோட்ஸைக் கிழிச்சாச்சு. இப்போ என் சொந்தச் சம்பவங்களை எழுதிட்டிருக்கேன். நீங்க?