130 நாள் முதல்வரும் ஆறு மாதச் சலுகையும்

வேட்புமனுவுக்கான கடைசி நாள் நெருங்குகிறது. பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் தொகுதி வாசகர்களின் கடிதங்கள், தண்டனை பெற்றவர் போட்டியிடலாமா என்று தொடங்கி ஜெயலலிதாவில் போய் முடிகின்றன. அரியலூர்க்காரர்களுக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது: அவருடைய நியமனமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, 2002-ல் எங்கள் மாவட்டத்தைக் கலைத்தது மட்டும் எப்படிச் செல்லும்?

வழக்குகளின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2001-ல் அவர் கோட்டைக்குப் போன வழியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

டான்சி நில வழக்குகளில் 2000 அக்டோபரில் அவருக்கு 3 ஆண்டும் 2 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு தொகுதிகளில் மனுப் போட்டார். ஏப்ரல் 24 பரிசீலனையில் நான்கும் தள்ளுபடியாயின. அதிலிருந்து இருபதாவது நாள், மே 14 அன்று, அவர் முதலமைச்சர். தேர்தல் நடத்தும் அலுவலர்கள் எம்.எல்.ஏ. ஆகக்கூட நிற்க விடாதவருக்கு ஆளுநர் பாத்திமா பீவி பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் அவர். பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்த தலைவர் என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் எனக்கு அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை.

அதற்குக் கைகொடுத்தது அரசியல் சாசனத்தின் 164(4). அமைச்சராக இருப்பவர் தொடர்ந்து ஆறு மாதம் சட்டமன்ற உறுப்பினராக இல்லாவிட்டால் பதவி போய்விடும் என்கிறது அது. அந்த ஆறு மாதத்துக்குள் தேர்தலில் நிற்கத் தகுதி இருக்க வேண்டுமா? வாசகத்தில் இல்லை. அந்த மௌனத்துக்குள்தான் ஓர் அரசாங்கமே அமைந்தது.

அந்த நியமனத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன் வந்தபோது, இந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்று நீதிபதிகள் கேட்டுப் பார்த்தார்கள். வெளிநாட்டவர், வயது நிரம்பாதவர், மனநலம் குன்றியவர், திவாலானவர் என்று தெரிந்தே இருந்தாலும், பெரும்பான்மை சொன்னால் ஆளுநர் நியமித்தே ஆக வேண்டுமா? ஆம் என்றது ஜெயலலிதா தரப்பு. அப்படி வந்தவரை நம்பிக்கையில்லாத் தீர்மானமோ அடுத்த தேர்தலோதான் இறக்க முடியுமாம். ஆளுநரை வழக்குக்கு இழுக்க முடியாது என்ற கவசமும் நீட்டப்பட்டது. நீதிமன்றம் ஆளுநரை விட்டுவிட்டு, நாற்காலியில் இருப்பவரிடமே எந்தத் தகுதியில் இருக்கிறீர்கள் என்று கேட்டது. அதன் பெயர் 'கோ வாரண்டோ'. செப்டம்பர் 21-ல் நியமனம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது, அன்றே ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார்.

என்னை உறுத்துவது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. அந்த 130 நாட்களில் சட்டப்படி செய்யப்பட்ட எதுவும் இந்தத் தீர்ப்பால் மட்டும் பாதிக்கப்படாது என்றார்கள் நீதிபதிகள். நிர்வாகம் குலைந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் கருணாநிதி நள்ளிரவில் கைதானதும் அந்த நாட்களில்தான். தகுதியில்லாதவரை இறக்கிவிடலாம், அவர் இருந்தபோது நடந்தவை நடந்தவையாகவே நிற்கும். வழக்கு இழுக்க இழுக்க அந்தக் கணக்கும் நீளும்.

அரியலூர் விஷயம் இதில் சேராது. 2001 ஜனவரி 1-ல் பிறந்த மாவட்டம் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது 2002 மார்ச் 31-ல். அதற்கு முன்பே டான்சி வழக்கில் உயர் நீதிமன்றம் அவரை விடுவிக்க, ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று, மார்ச் 2-ல் அவர் முறைப்படி முதல்வராகியிருந்தார். மாவட்டம் திரும்பக் கிடைத்தது 2007 நவம்பர் 23-ல், கருணாநிதி ஆட்சியில்.

மற்ற கேள்விகள்:

2014-லும் இதே கதைதானா? இல்லை, சொத்துக் குவிப்பு வழக்கில் 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம் என்றதுமே, 2013-ன் லில்லி தாமஸ் தீர்ப்பின்படி எம்.எல்.ஏ. பதவி தானாகப் போயிற்று.

அதே வழக்கின் 2017 தீர்ப்பு அவரைத் தண்டித்ததா? 2016 டிசம்பர் 5-ல் அவர் இறந்ததால் அவர்மீதான வழக்கு அற்றுப்போனது. சசிகலா உள்ளிட்ட மூவர் சிறை சென்றார்கள்.

ஜாமீன் கிடைத்தால் போட்டியிடலாமா? முடியாது, குற்றத்தீர்ப்புக்கே தடை வாங்க வேண்டும்.

2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் எப்போது நிற்கலாம்? விடுதலையாகி 6 ஆண்டு கழித்து.