உஷார்! வேகமுள் பொய் சொல்லும்

சொந்தக் கையால் விமானம் கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, கட்டி முடித்து ஷெட்டில் நிறுத்தி வைத்திருப்பவர்களே, பழைய மைக்ரோலைட்டை வாங்கிச் சரிசெய்துகொண்டிருப்பவர்களே, ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், இறக்கையிலிருந்து முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் குழாயைக் குனிந்து பாருங்கள். அதன் வாயில் மண் இருக்கிறதா?

நம் பக்கம் குளவி கூடு கட்டாத இடம் எது? தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கட்டும், பூட்டின் சாவித் துவாரத்தில் கட்டும், மடித்து வைத்த குடைக்குள்ளும் கட்டும். வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்ல சேதி வரும் என்று பெரியவர்கள் அதைக் கலைக்கவே விடமாட்டார்கள். ஆனால் விமானத்தின் அந்தச் சின்னக் குழாய்க்குள், அதாவது பீட்டோ குழாய்க்குள் கட்டினால் வருவது நல்ல சேதி அல்ல, சாவுச் சேதி.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 புறப்பட்டது. பல நாள் தரையில் நின்றிருந்த விமானம் அது. பீட்டோ குழாய்க்கு மூடி போட்டிருக்கவில்லை. ஓடுதளத்தில் ஓடும்போதே தன் வேகமானி வேலை செய்யவில்லை என்று கேப்டனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. மேலே ஏற ஏற முள் தாறுமாறாக ஏறியது. வேகம் அதிகம் என்று நம்பிய தானியங்கிக் கருவி மூக்கைத் தூக்கியது. நிஜத்தில் வேகம் செத்துக்கொண்டிருந்தது. விமானம் கடலில் விழுந்தது. 189 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. குழாயை அடைத்தது பூச்சி கட்டிய மண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விசாரணை சொன்னது.

அந்த போயிங்கில் கேப்டனுக்கு ஒன்று, துணை விமானிக்கு ஒன்று, மாற்றுக்கு ஒன்று என்று மூன்று வேகமானிகள் இருந்தன. உங்கள் விமானத்தில் இருப்பது ஒன்றே ஒன்று!

முள் எதைக் காட்டுகிறது?

பைக் ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை வைத்து வேகம் சொல்கிறது. விமானத்து வேகமானி காற்றின் அழுத்தத்தை வைத்துச் சொல்கிறது. எதிர்க்காற்று பீட்டோ குழாயில் மோதித் தரும் அழுத்தம் ஒரு பக்கம். விமானத்தைச் சுற்றிச் சும்மா இருக்கும் காற்றின் அழுத்தம் ஸ்டாட்டிக் துளை வழியாக இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முள்ளைத் தள்ளுகிறது. வேகம் இரட்டிப்பானால் இந்த வித்தியாசம் நான்கு மடங்காகும். அப்படியானால் வேகம் குறையும்போது கிடைக்கும் அழுத்தம் மிகமிகச் சொற்பம். 40 நாட் வேகத்தில் அது வெறும் 26 மில்லிமீட்டர் தண்ணீரைத் தூக்கும் அழுத்தம்தான், ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம். நீங்கள் தரையிறங்கும்போது நம்பி உட்கார்ந்திருப்பது அந்தக் கட்டைவிரல் அகலத்தை!

எந்தப் பொய் கொல்லும்?

முள் குறைத்துக் காட்டினால் நீங்கள் தேவைக்கு மேல் வேகமாக வந்து இறங்குவீர்கள். ஓடுதளம் போதாமல் போகலாம், சக்கரம் அடிபடலாம். முள் கூட்டிக் காட்டினால்தான் உயிருக்கு உலை.

கணக்கைப் பாருங்கள். உங்கள் விமானம் 40 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது அதற்குக் கீழே இறக்கை தூக்காது. அதில் 1.3 மடங்கு, 52 நாட் வைத்து இறங்க வேண்டும் என்பது வழக்கம். முள் 10 நாட் கூட்டிக் காட்டுகிறது. நீங்கள் முள்ளில் 52 பார்த்து நிம்மதியாக இருக்கிறீர்கள், நிஜ வேகம் 42. இப்போது ஓடுதளத்தை நோக்கி 30 டிகிரி சாய்த்துக் கடைசித் திருப்பம் திரும்புகிறீர்கள். உயரம் குறையாமல் அப்படித் திரும்பினால் ஸ்டால் வேகம் 43 ஆகிவிடும். உங்களிடம் இருப்பதோ 42. தரையிலிருந்து 300 அடியில் ஒரு பக்க இறக்கை சரிந்தால் மீட்டெடுக்க உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

இந்தக் கூட்டிக் காட்டும் பொய் வீட்டில் கட்டும் விமானத்தில்தான் சுலபமாக நுழைகிறது. ஸ்டாட்டிக் குழாயை வெளியே கொண்டுபோகச் சோம்பல்பட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் காக்பிட்டுக்குள்ளேயே திறந்து விட்டுவிடுகிறார்கள். பறக்கும்போது காக்பிட்டுக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்துபோகலாம். அழுத்தம் குறைந்தால் வித்தியாசம் கூடும், முள்ளும் ஏறும். மேலே போய் சீராகப் பறக்கும்போது ஜன்னலை அல்லது காற்றுத் துவாரத்தைத் திறந்து மூடிப் பாருங்கள். முள் அசைந்தால் உங்கள் ஸ்டாட்டிக் இருக்கும் இடம் சரியில்லை.

கிட் கம்பெனியின் புத்தகத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்து மீட்டரில் பச்சை, மஞ்சள் கோடு போடுவதும் ஆபத்து. அது அவர்கள் கட்டிய விமானத்தின் எண். உங்கள் குழாய் அரை அடி தள்ளி இருந்தாலே கணக்கு மாறலாம்.

இன்னொன்று, மீட்டரில் எழுதியிருக்கும் அலகைப் பாருங்கள். சில மீட்டர் மைலில் இருக்கும், சில கிலோமீட்டரில், சில நாட் கணக்கில். புத்தகம் 52 நாட் என்று சொல்ல, நீங்கள் மைல் மீட்டரில் 52-ஐப் பிடித்தால் நிஜத்தில் இருப்பது 45 நாட்தான்.

புதுசுன்னா பொய் சொல்லாதுங்களா?

எனக்கு இந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்தவர் பம்பு பட்டறையில் ஆயுள் முழுக்க உழைத்த ஒரு ஃபிட்டர். ஒரு ஷெட்டில் புது விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், டேஷ்போர்டில் கைவைத்துக் கேட்டார்.

“ஏனுங் தம்பி, இந்த மீட்டர எதுல வெச்சு டெஸ்ட் பண்ணுனீங்க?”

“புதுசுங்ணா. டப்பாவைப் பிரிச்சு அப்படியே மாட்டிட்டோம்.”

“புதுசுன்னா பொய் சொல்லாதுங்களா? அரை எச்.பி. பம்பையே பெஞ்சுல போட்டுப் பாக்காம வெளிய அனுப்ப மாட்டோம். இதுல நீங்களே ஏறி உக்காரப் போறீங்க!”

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஈரோட்டில் மஞ்சள் எடை போடும் தராசுக்கே முத்திரை கேட்கிறோம். உயிரை எடை போடும் மீட்டருக்கு எந்த முத்திரையும் கேட்பதில்லை.

தண்ணீர் டியூப் போதும்

தரையில் செய்யும் சோதனைக்குப் பெரிய லேப் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப்பில் இரண்டு மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் ‘யு’ வடிவில் வளைத்துக் கட்டி, பாதி வரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல். டியூப்பின் ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனையில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு, ஒரு கிளையைப் பீட்டோ குழாய்க்கும் இன்னொன்றை ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சுக்கும் கொடுங்கள். பீட்டோவில் வடிகால் துளை இருந்தால் சோதனை முடியும் வரை அதை மூடி வையுங்கள். முடிந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

சிரிஞ்சை மெல்ல, மிக மெல்ல அழுத்துங்கள். ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும், முள் நகர ஆரம்பிக்கும். இரண்டு பக்க மட்டத்துக்கும் இடையே உள்ள மொத்த உயரத்தை அளக்க வேண்டும். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் அளந்தால் பாதிதான் வரும், பலர் தவறுவது இங்கேதான். 26 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் முள் 40 நாட் காட்ட வேண்டும். 41-ல் 50, ஏறக்குறைய 60-ல் 60, 106-ல் 80. ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முள் உள்ளே எங்கோ ஒட்டுகிறது.

அடுத்தது கசிவு. முள்ளை 80-ல் நிறுத்தி, சிரிஞ்சுப் பக்கத்து டியூப்பை இறுக்கிக் கிளிப் போடுங்கள். ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ ஜாயின்ட் விடுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பறக்காதீர்கள்.

கவனம்! எக்காரணம் கொண்டும் பீட்டோவில் வாய் வைத்து ஊதாதீர்கள். கம்ப்ரசர் காற்றை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய தகட்டு டப்பி. ஒரே ஊதலில் பாழாகும், பாழானது வெளியே தெரியாது.

“ஜி.பி.எஸ். இருக்கே!”

இந்தப் பதிலைத்தான் அதிகம் கேட்கிறேன். ஜி.பி.எஸ். சொல்வது தரை மேல் ஓடும் வேகம். இறக்கைக்குத் தேவை காற்றில் ஓடும் வேகம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே குடியிருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். 70 நாட் வேகத்தில் பறப்பவருக்கு 25 நாட் காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஜி.பி.எஸ். 95 காட்டும், எதிரே அடித்தால் 45. இறக்கைக்கோ இரண்டு நேரமும் 70தான்.

ஆனால் முறையாகப் பயன்படுத்தினால் ஜி.பி.எஸ்.ஸே நல்ல சாட்சி. காற்று 10 நாட்டுக்குள் அடங்கியிருக்கும் விடியற்காலையில் ஏறுங்கள். உயரமும் முள் காட்டும் வேகமும் மாறாமல் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு திசையிலும் ஒரு நிமிடம் பறந்து, ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். வேகத்தை எழுதுங்கள். மூக்கைத் திசைகாட்டியில் பிடிக்க வேண்டும், கீழே தெரியும் பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. நான்கின் சராசரியில் காற்றின் பிழை ஒரு நாட்டுக்கும் கீழே போய்விடும்.

அந்தச் சராசரி முள்ளைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் பதறாதீர்கள். மேலே காற்று அடர்த்தி குறைவு. 4,000 அடியில் 25 டிகிரி வெப்பத்தில் முள் 60 காட்டினால் நிஜ வேகம் 66-ஐ ஒட்டி இருப்பதுதான் நியாயம். சராசரி 60-ஆகவே வந்தால்தான் பயப்பட வேண்டும், உங்கள் முள் கூட்டிக் காட்டுகிறது!

மூடியும் டேப்பும்

1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு போயிங் 757-ல் 70 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகளில் ஒட்டிய டேப்பை யாரும் பிரிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். நம் பட்டறைகளில் பெயின்ட் அடிக்க மாஸ்கிங் டேப் ஒட்டுவது தினசரி வேலை. துளை மேல் ஒட்டுவதானால் பளிச்சென்ற கலர் டேப் ஒட்டுங்கள். எண்ணி ஒட்டி, எண்ணிப் பிரியுங்கள்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் 2013-ல் ஒரு பயணிகள் விமானத்தின் பீட்டோவில் குளவி கூடு கட்டியது. விமானம் தரையில் நின்றது சுமார் இரண்டே மணி நேரம். அதே பிரிஸ்பேனில் 2018-ல் மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் குளவிக்குப் பயந்து போட்ட மூடிகளைக் கழற்றாமலே கிளம்பிவிட்டது. நல்லவேளை, பத்திரமாகத் திரும்பி இறங்கியது. மூடி போடாததும் ஆபத்து, போட்ட மூடியை மறப்பதும் ஆபத்து.

ஓடுதளத்தில் ஓடும்போது முள் உயிர் பெறுகிறதா என்று பாருங்கள். பெறாவிட்டால் யோசிக்கவே வேண்டாம், த்ராட்டிலை மூடி நிறுத்துங்கள். மேலே போனபின் முள் செத்தால் மூக்கின் சாய்வையும் இன்ஜின் சுற்றையும் வைத்து இறங்கத் தெரிய வேண்டும். அதைப் பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மீட்டரைத் துணியால் மூடி, முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். இதெல்லாம் டி.ஜி.சி.ஏ. அனுமதி பெற்ற விமானத்துக்குத்தான். பீளமேட்டில் பயணிகள் விமானம், சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள் பறக்கும் வானம் இது. அனுமதி இல்லாமல் பத்தடி எழும்பிப் பார்ப்பதுகூட அடுத்தவர் உயிரோடு விளையாடுவது.

செட்டிபாளையத்தில் இன்று ரேஸ் கார் ஓடும் கரி மோட்டார் ஸ்பீட்வே, முதலில் இலகு விமானங்கள் இறங்கும் ஓடுதளமாகத்தான் திட்டமிடப்பட்டது. பறக்கும் ஆசை நம் மண்ணுக்குப் புதிதில்லை. அந்த ஆசையை யாரும் கைவிட வேண்டாம். இன்று மாலையே கெட்டித் துணியில் ஒரு மூடி தையுங்கள், ஒரு முழம் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். இன்ஜின் சாவியை அந்த ரிப்பன் முனையிலேயே முடிந்து வையுங்கள். சாவி வேண்டுமென்றால் நீங்கள் பீட்டோ குழாய்க்கு முன்னால் போய் நின்றே ஆக வேண்டும். நிற்கும்போது குனிந்து அதன் வாயைப் பாருங்கள்.